எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களின் வரலாறு

1896 நவம்பர் 7ஆம் தேதியிட்ட ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் ஒரு சிறிய மருத்துவக் குறிப்பு வெளியானது. எழுதியவர் பிரிங்கில் மார்கன். இங்கிலாந்தின் தென்கரையில் சீஃபோர்டு என்ற ஊரில் மருத்துவம் பார்த்துவந்தவர். பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி அவர் எழுதியிருந்தார். ஏழு வயதிலிருந்து பள்ளியிலும் வீட்டிலும் ஆள் வைத்துச் சொல்லிக்கொடுத்தும் அவனுக்குப் படிக்க வரவில்லை. எழுத்துகள் தெரியும். ஆனால் எழுத்துகள் சேர்ந்து சொல்லானதும் நின்றுவிடுவான். தன் பெயரையே இரண்டாம் எழுத்தும் மூன்றாம் எழுத்தும் இடம் மாறி ‘பிரெசி’ என்று எழுதினான். ஒரு தடவைக்கு மேல் சுட்டிக்காட்டிய பிறகுதான் அது தப்பு என்பதே அவனுக்குத் தெரிந்தது.

அதே பையன் 749ஐ 867ஆல் சட்டென்று பெருக்கிச் சரியான விடை சொன்னான். எல்லாப் பாடத்தையும் வாயாலேயே நடத்தினால் இவன்தான் பள்ளியில் முதல் மாணவனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார்.

நான் மொழி கற்பிக்கும் செயலிகளுக்குப் பாடம் எழுதுகிறவன். எந்தச் சொல் முதலில் வர வேண்டும், எந்தப் பயிற்சிக்குப் பின் எது வர வேண்டும் என்று பட்டியல் போடுவது என் வேலை. டிஸ்லெக்ஸியா உள்ளவர்களுக்கான பாடத்திட்டம் ஒன்றில் வேலை செய்யத் தொடங்கியபோது பெர்சியைப் பற்றிப் படித்தேன். அங்கிருந்து முன்னும் பின்னுமாகப் போய்ப் படித்ததில் ஒன்று பிடிபட்டது. இவர்களுக்கென்று உருவான ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. குறை எங்கே இருக்கிறது என்பதுதான் அந்த முடிவு. கண்ணிலா, காதிலா, எழுத்திலா, சொல்லிக்கொடுக்கும் விதத்திலா? இந்த 125 ஆண்டுகளில் அந்தக் ‘குறை’ வீடு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அது இப்போது எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

*

முதலில் குறை கண்ணில் இருந்தது. 1877இல் ஜெர்மன் மருத்துவர் குஸ்மௌல் ‘சொற்குருடு’ என்ற பெயரைப் பயன்படுத்தினார். 1880களில் ஷ்டுட்கார்ட் நகரின் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் ‘டிஸ்லெக்ஸியா’ என்ற சொல்லை உருவாக்கினார். இவர்கள் இருவரும் பேசியது மூளையில் அடிபட்டோ நோய் வந்தோ படிக்கும் திறனை இழந்த பெரியவர்களைப் பற்றி. கிளாஸ்கோவின் கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷல்வுட் 1895இல் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுத்தான், அடிபடாமல் பிறவியிலேயே இப்படி இருக்க முடியும் என்று மார்கன் பெர்சியைப் பற்றி எழுதினார். தொடக்க காலத்தில் இதைப் பற்றி எழுதியவர்களில் இத்தனை பேர் கண் மருத்துவர்களாக இருப்பதில் ஆச்சரியமில்லை. பிள்ளைக்குப் படிக்க வரவில்லை என்றால் வீட்டில் முதலில் கண்ணாடிக் கடைக்குத்தானே கூட்டிப்போகிறோம்?

1925இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவர் வேறு விளக்கம் சொன்னார். மூளையின் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல எழுத்துகளைப் பதிவு செய்கின்றன, ஒரு பாதி மற்றதை அடக்காதபோது எழுத்துகள் திரும்பிவிடுகின்றன என்பது அவர் கருத்து. இந்தக் கோட்பாடு பின்னால் நிற்கவில்லை. ஆனால் அதை வைத்து அவரோடு வேலை செய்த அன்னா கில்லிங்ஹாமும் பெஸ்ஸி ஸ்டில்மனும் 1930களில் வகுத்த பாடமுறை நின்றுவிட்டது. எழுத்தைப் பார், அதன் ஒலியை வாயால் சொல், அதே நேரம் விரலால் எழுது. ஒரு சமயத்தில் ஓர் ஒலி. அது உறுதியான பிறகு அடுத்தது. முந்தையதைத் தினமும் திரும்பப் பார்.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வந்தது. மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்வது நமக்குப் புதிதில்லை. ஆனால் திண்ணைப் பள்ளியில் பின்தங்கியவனுக்குப் பிரம்பு இருந்தது. கில்லிங்ஹாம் முறையில் அவனுக்காகவே பாடத்தின் வேகம் குறைந்தது.

1960களில் இந்தக் கதை வேற்றுமொழிப் பாடத்துக்குள் நுழைகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்க ஒரு வேற்றுமொழியில் தேற வேண்டும். மற்ற பாடங்களில் கெட்டிக்காரர்களான சில மாணவர்கள் அதில் மட்டும் திரும்பத் திரும்பத் தோற்றார்கள். சோம்பேறித்தனம், அக்கறையின்மை என்று சொல்லப்பட்டது. அங்கே மாணவர் ஆலோசகராக இருந்த கென்னத் டிங்க்லேஜ் அவர்களை உட்கார்த்திவைத்துப் பேசிப்பார்த்தார். சிலர் சிறுவயதில் தாய்மொழியிலேயே படிக்கத் திணறி எப்படியோ கரையேறியவர்கள். மூடியிருந்த பழைய காயத்தைப் புதுமொழி திறந்துவிட்டது. பிறகு ரிச்சர்ட் ஸ்பார்க்ஸ், லெனோர் கான்ஷோ இருவரும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வேற்றுமொழியில் ஒருவர் தடுமாறுவதன் வேர் பெரும்பாலும் அவருடைய முதல் மொழியின் ஒலி, எழுத்துத் திறனில் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். ஸ்பானிஷ் மொழியைக் கில்லிங்ஹாம் முறைப்படியே கற்பித்தும் பார்த்தார்கள். பலன் இருந்தது.

*

குறை கண்ணிலிருந்து காதுப் பக்கம் நகர்ந்த கதை இன்னும் விசித்திரமானது. இரண்டாம் உலகப்போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக ஒரு வாசிப்பு இயந்திரம் செய்யும் வேலை அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்துக்கு வந்தது. அச்செழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓசை, அவற்றை வரிசையாகக் கேட்டால் படித்துவிடலாம் என்பது யோசனை. ஃப்ராங்க்ளின் கூப்பரும் ஆல்வின் லிபர்மனும் எத்தனையோ ஓசைகளை முயன்று பார்த்தார்கள். எதுவும் பேச்சின் வேகத்தை நெருங்கவில்லை. தந்தி அடிக்கும் வேகத்துக்கு மேல் யாராலும் கேட்டுப் புரிந்துகொள்ள முடியவில்லை. அப்படியானால் நாம் பேசுவதை மட்டும் எப்படி அவ்வளவு வேகமாகக் கேட்கிறோம்?

விடை அவர்களே எதிர்பாராதது. பேச்சில் ஒலிகள் மணி கோத்ததுபோல ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வருகின்றன. ‘கி’ என்று சொல்லும்போது ‘க்’கை ஆரம்பிக்கும்போதே வாய் ‘இ’க்குத் தயாராகிவிடுகிறது. காதில் விழுவது ஒரே வீச்சு.

ஆல்வினின் மனைவி இசபெல் லிபர்மன் இதை வாசிப்போடு சேர்த்துப் பார்த்தார். ஒலிகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன என்றால், அவற்றைப் பிரித்தறியாத பிள்ளைக்கு எழுத்து என்பதே அர்த்தமில்லாத கோடுதானே? 1974இல் அவர் குழுவினர் வெளியிட்ட சோதனை எளிமையானது. ஒரு சொல்லைச் சொல்லி, அதில் எத்தனை துண்டு இருக்கிறதோ அத்தனை முறை பிள்ளைகளை மரக்குச்சியால் மேசையில் தட்டச் சொன்னார்கள். அசைகளாகப் பிரித்துத் தட்டியதில் நான்கு வயதுப் பிள்ளைகளிலேயே 46 சதவீதம் பேர் தேறினார்கள். தனித்தனி ஒலிகளாகப் பிரித்துத் தட்டியதில் அந்த வயதில் ஒருவர்கூடத் தேறவில்லை. ஐந்து வயதில் 17 சதவீதம். முதல் வகுப்பு முடியும்போது 70 சதவீதம்.

அசை தானாக வருகிறது, தனி ஒலியைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. டிஸ்லெக்ஸியா உள்ள பலருக்கு அந்தக் கற்றல்தான் கடினம் என்பது அடுத்து வந்த ஆய்வுகளில் உறுதிப்பட்டது.

*

இந்த அறிவு செயலியாக மாறியது ஃபின்லாந்தில். 1990களில் யூவாஸ்குலா பல்கலைக்கழகத்தின் ஹெய்க்கி லூட்டினன் குழுவினர் சுமார் 200 பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்தே தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். அவர்களில் பாதிப் பேரின் பெற்றோரில் ஒருவருக்காவது டிஸ்லெக்ஸியா இருந்தது. பள்ளிக்கு வருமுன்பே யார் திணறுவார்கள் என்று ஓரளவு தெரிந்தது. தெரிந்தபின் சும்மா இருக்க முடியுமா? அவர்கள் செய்த கணினி விளையாட்டுதான் ‘எக்காபெலி’. பின்னாளில் ‘கிராஃபோகேம்’ என்று பல நாடுகளுக்குப் போனது.

விளையாட்டு இதுதான்: காதில் ஓர் ஒலி கேட்கும். திரையில் எழுத்து பொறித்த பந்துகள் மேலிருந்து விழும். கீழே விழுவதற்குள் சரியான பந்தைத் தொட வேண்டும். பிள்ளை தப்புச் செய்தால் அந்த எழுத்து திரும்ப வரும், சரியாகச் செய்தால் புது எழுத்து வரும். கில்லிங்ஹாமின் ‘ஒரு சமயத்தில் ஓர் ஒலி’தான். அலுத்துக்கொள்ளாத ஆசிரியராகக் கணினி உட்கார்ந்திருக்கிறது.

ஃபின்னிஷில் இது பொருந்தியதற்குக் காரணம் அந்த மொழியின் எழுத்துமுறை. அநேகமாக ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி. ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது சிக்கல் தொடங்கியது. அங்கே 26 எழுத்தை வைத்துக்கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளை எழுதுகிறார்கள். கேம்பிரிட்ஜில் உஷா கோஸ்வாமியின் குழு இரண்டு வடிவங்களைச் சோதித்தது. ஒன்றில் தனி ஒலிகள். மற்றதில் ‘கேட், பேட், மேட்’ என்று சொல்லின் வால் மாறாமல் வரும் குடும்பங்கள். ஆங்கிலத்தில் தனி எழுத்தைவிட வால் நம்பகமானது என்பது அவர்கள் எண்ணம். ஆக, மொழி மாறியதும் பந்தில் எதை எழுதுவது என்பதே மாறுகிறது. 2018இல் இந்த விளையாட்டின் ஆங்கில வடிவத்தை குஜராத்தின் அகமதாபாத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்து ஒரு கட்டுரை வெளியானது. எழுத்து–ஒலி அறிவு கூடியிருந்தது.

2020இல் கிராஃபோகேம் பற்றிய ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து எரின் மக்டீக் குழுவினர் பார்த்தார்கள். மொத்தமாக எடுத்தால் சொல் வாசிப்பில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஆனால் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து பேச்சுக்கொடுத்துக்கொண்டிருந்த இடங்களில் பலன் இருந்தது. என்னைப் போன்றவர்களுக்கு இது கசப்பான செய்தி. திரையை எவ்வளவு அழகாகச் செய்தாலும் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் போதாது.

கண் கோட்பாடும் அவ்வளவு எளிதில் சாகவில்லை. 2008இல் நெதர்லாந்தின் கிறிஸ்டியன் பூர், தானே டிஸ்லெக்ஸியா உள்ளவர், கல்லூரிச் செயல்திட்டமாக ஓர் எழுத்துருவை வடிவமைத்தார். எழுத்துகளின் அடி கனமாக இருக்கும், ஒன்று மற்றதாகத் தலைகீழாகாது என்பது நோக்கம். இன்று பல செயலிகளில் இப்படிப்பட்ட எழுத்துருவுக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. சோதித்தவர்கள் அந்த வடிவத்தால் வேகமோ துல்லியமோ கூடியதாகக் காணவில்லை. கிடைத்த சிறு பலனும் எழுத்துகளுக்கு இடையிலிருந்த கூடுதல் இடைவெளியால் வந்தது என்று 2016 ஆய்வு ஒன்று சொன்னது. இடைவெளி கூட்ட எந்த எழுத்துருவும் போதும், காசு செலவில்லை.

ஸ்பெயினின் லூஸ் ரெல்லோ வேறு வழியில் போனார். மொழியியல் படித்தவர், அவருக்கும் டிஸ்லெக்ஸியா உண்டு. டிஸ்லெக்ஸியா உள்ளவர்கள் ஸ்பானிஷில் எழுதியவற்றைத் திரட்டி, அவற்றிலிருந்த பிழைகளை வகைப்படுத்தி, அந்தப் பிழைகளிலிருந்தே பயிற்சிகளை உருவாக்கினார். ‘பிருலெத்ராஸ்’ என்ற செயலி அப்படி வந்தது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பிள்ளையின் பிழைக்குச் சிவப்பு மை வைக்காமல் அதையே பாடநூலாக்கியிருக்கிறார்.

*

இப்போது நம் வாசல்.

1999இல் டேயிகோ வைடெல், பிரையன் பட்டர்வொர்த் இருவரும் ஒரு பையனைப் பற்றி எழுதினார்கள். ஏ.எஸ். என்று மட்டும் குறிப்பிடப்பட்ட அவனுக்கு வயது 16. வீட்டில் ஆங்கிலம், வளர்ந்தது ஜப்பானில். ஆங்கிலத்தில் அவனுக்குக் கடுமையான டிஸ்லெக்ஸியா. ஜப்பானிய மொழியில் சக மாணவர்களைவிடக் குறையாமல், சிலவற்றில் மேலாகவே படித்தான். இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என மூன்று வகையினரை ஒப்பிட்ட 2001 ஆய்வொன்று, டிஸ்லெக்ஸியா உள்ள மூவரின் மூளையிலும் ஒரே மாதிரிச் சுணக்கத்தைக் கண்டது. ஆனால் படிக்கச் சொன்னபோது இத்தாலியர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் படித்தார்கள். எழுத்துமுறை ஒழுங்காக இருந்தால் சுமை குறைகிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, சிறப்புக் கல்வி ஆசிரியை ஒருவர் சென்னையில் என்னிடம் சொன்னதை மறக்க முடியவில்லை. டிஸ்லெக்ஸியா சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம், எழுதிக்கொடுக்க ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை ஒரு குறைபாடாக ஏற்றிருக்கிறது. சலுகைகள் தேவைதான், அதில் சந்தேகமே இல்லை.

“விலக்கு வாங்கிக் குடுங்க டீச்சர்னு வராங்க தம்பி,” என்றார் அவர். “எதுலேருந்துன்னு கேட்டா தமிழ்லேருந்துன்னுதான் சொல்றாங்க. இங்கிலீஷ விட முடியாதுல்ல. நான் என்ன சொல்றது? புள்ள அழுவுறான், அம்மாவும் அழுவுறாங்க.”

“தமிழ் அவனுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கா டீச்சர்?”

“யாரு உக்காந்து பாத்தா? ரெண்டையும் ஒரே வேகத்துல ஓட்டுறாங்க. ரெண்டுலயும் விழுறான்.”

தமிழ் எளிது என்று நான் மார்தட்டவில்லை. அரிச்சுவடி அட்டையில் 247 எழுத்துகளைப் பார்க்கும் பிள்ளைக்கு மலைப்பு வராமல் என்ன செய்யும்? கன்னடத்தில் சோனாலி நாக் செய்த ஆய்வில், அந்த எழுத்துக்கூட்டம் முழுவதும் பிடிபட நான்காம் வகுப்புவரை ஆகிறது என்று தெரிந்தது. தமிழிலும் இடறும் இடங்கள் உண்டு. ‘கெ’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி பின்னால் வருகிறது. ‘கொ’வில் மெய்யின் இரு பக்கமும் குறிகள். உகர ஊகார வரிசையில் கு, சு, டு, ணு என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். 1978இல் தமிழக அரசு பெரியாரின் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, லை போன்ற 13 எழுத்துகள் ஒழுங்குக்கு வந்தன. உகர வரிசையை யாரும் தொடவில்லை.

இன்னொரு இடறல், பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்பதில் 11 எழுத்துகள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை ‘றான்’ வருவதற்குள் ‘வந்து’வை மறந்துவிடுவான். நினைவு வைத்திருந்தாலும், அவன் வீட்டில் கேட்டது ‘வந்துட்டிருக்கான்’. கூட்டிமுடித்த சொல் அவனுக்குத் தெரிந்த சொல் இல்லை.

ஆனால் நம்மிடம் ஒரு சொத்தும் இருக்கிறது. தொல்காப்பியம் எழுத்து முப்பது என்றுதான் தொடங்குகிறது. உயிர் 12, மெய் 18, பிறகு சார்ந்து வருபவை மூன்று. இசபெல் லிபர்மன் மரக்குச்சியால் தேடிய தனி ஒலிதான் அது. அதற்குப் பெயர் இருக்கிறது, புள்ளி வைத்துத் தனியாக எழுதவும் முடிகிறது. ‘க்’ என்று மெய்யை மட்டும் எழுதிக்காட்ட முடிகிற வசதி எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதில்லை. ‘க்’ பந்தும் ‘இ’ பந்தும் மோதினால் ‘கி’ பிறக்கும் என்று ஒரு விளையாட்டைத் தமிழில் செய்ய இலக்கணமே இடம் கொடுக்கிறது. 247ஐ மனப்பாடம் செய்யச் சொல்வதற்குப் பதில் முப்பதிலிருந்து கட்டி எழுப்பலாம்.

சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கமும் ஆவாஸ் நிறுவனமும் சேர்ந்து ஒரு வாசிப்புச் செயலி செய்திருக்கின்றன. திணறும் சொல்லைத் தொட்டால், பிள்ளை தானே படித்துவிடும்படி குறிப்புகள் தரும். வகுப்பறையில் ஆசிரியைகள் செய்துவந்ததைத் திரைக்குக் கொண்டுவந்த நல்ல முயற்சி. அது தொடங்கியது ஆங்கில வாசிப்புக்காக. தேவை அங்கே தெரிந்தது, அதனால் அங்கே தொடங்கினார்கள்.

தமிழுக்கு வேண்டியது அதன் நகல் இல்லை. லூஸ் ரெல்லோ செய்ததுபோல, தமிழ்ப் பிள்ளைகள் எழுதிய நோட்டுகளிலிருந்து பிழைகளைத் திரட்ட வேண்டும். கொம்பு எங்கே தாவுகிறது, ர–ற எங்கே மாறுகிறது, எந்த நீளத்தில் சொல் உடைகிறது என்று பார்க்க வேண்டும். முதல் நிலைகளில் ‘படி’, ‘மணி’, ‘கடல்’ போல வீட்டிலும் அதே ஒலியில் பேசும் குட்டிச் சொற்கள் வர வேண்டும். ‘வந்துட்டிருக்கான்’ முதலில், ‘வந்துகொண்டிருக்கிறான்’ பிறகு. பக்கத்தில் உட்காரும் பெரியவருக்கு என்ன பேசுவது என்று சொல்லும் ஒரு திரையும் வேண்டும். அந்தப் பெரியவர் தமிழ் மட்டும் தெரிந்த பாட்டியாக இருக்கலாம். ஆங்கிலச் செயலி அவரை அறையைவிட்டு வெளியே அனுப்பிவிடுகிறது. தமிழில் அவர் அருகில் உட்கார முடியும். மக்டீக் ஆய்வில் வித்தியாசம் செய்த அந்த நாற்காலி நம் வீடுகளில் ஏற்கெனவே நிரம்பித்தான் இருக்கிறது.

குறை பிள்ளையின் கண்ணில் இருக்கிறது என்றவர்கள் கண்ணாடி கொடுத்தார்கள். காதில் இருக்கிறது என்றவர்கள் ஒலி கொடுத்தார்கள். நாம் இப்போது மொழியையே எடுத்துவிடுகிறோம், அதுவும் அவன் பேசுகிற மொழியை. விலக்கு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன், ஒரு பருவமாவது அந்த முப்பது எழுத்தோடு யாராவது அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் விலக்கு இருக்கவே இருக்கிறது.

“உக்காரதுக்கு ஆள் இருந்தா எங்கிட்ட அனுப்புங்க தம்பி, ரெண்டு நாள்ல சொல்லிக்குடுத்துடுவேன்” என்றார் அந்த ஆசிரியை. நான் அவருக்காகத்தான் இப்போது முதல் பாடத்தின் சொற்பட்டியலை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழு மெய், மூன்று உயிர். அதிலேயே ஐம்பதுக்கு மேல் சொற்கள் தேறுகின்றன.